ராஜாவின் ஈர இருக்கை

தேரிக்கோட்டைப் பெரிய ராஜாவைக் கோமதிநாயகம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். ஊரே வியர்த்து வழிந்தது. ராஜா மட்டும் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். காற்றுப் பட்டாலே சளி பிடிக்கும் என்று ஆயுள் முழுக்கப் பயந்த மனிதர் அவர்.

அரண்மனை விகடகவியான கோமதிநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஓய், ராஜ்யத்தை என் மகன் பார்த்துக்கொள்வான். டிரைவர் மரியதாசை நீர் பார்த்துக்கொள்ளும். வயதான காலத்தில் அவனை யாரும் விரட்டிவிடக் கூடாது."

"என் வாக்கு, மகாராஜா."

"போகும்போது அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுப் போம்."

ஐப்பசி வந்தது. அடைமழை. பட்டத்துக்கு வந்த இளைய ராஜா, அப்பா வாங்கிய சீமைக் காரில் கோவிலுக்குப் போனார். கூரையின் நடுப்பலகை பின்னால் நகர்ந்து திறக்கிற மாதிரி கார். மழை என்பதால் அன்று இறுகச் சாத்தியிருந்தார்கள். கோவில் வாசலில் ராஜா இறங்கினார். தலையில் ஒரு துளி இல்லை. தோளில் ஒரு துளி இல்லை. வெண்பட்டு வேட்டியின் பின்பக்கம் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

ஜனங்கள் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

சபை கூடியதும் ராஜா உட்காரவே இல்லை. நின்றபடியே கத்தினார். அரண்மனை மானேஜர் விருத்தகிரி கைகட்டி முன்னால் வந்தார்.

"மரியதாசுக்கு வயதாகிவிட்டது, மகாராஜா. காரைக் கவனிப்பதில்லை. என் மைத்துனன் ஒருவன் வண்டி ஓட்டப் படித்திருக்கிறான்..."

மரியதாசு கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். "ரப்பர், கண்ணாடி எல்லாம் பார்த்துட்டேங்க. தண்ணி எந்த வழியா வருதுன்னே தெரியலீங்க" என்றார்.

"வழி தெரியாத டிரைவர்!" என்றார் விருத்தகிரி.

கோமதிநாயகம் எழுந்தார். "மகாராஜா, திருடன் யாரென்று தெரியாமல் காவல்காரனைத் தண்டிக்கலாமா? அடுத்த மழைக்குள் கண்டுபிடித்துத் தருகிறேன்."

"தராவிட்டால் மரியதாசு வீட்டுக்குப் போகட்டும். தந்தால், யார் செய்த காரியத்தால் தண்ணீர் வந்ததோ அவன் கொட்டுகிற மழையில் அதே இருக்கையில் உட்கார வேண்டும். தொப்பலாக நனையும்வரை இறங்கக் கூடாது. இது என் ஆணை!"

மறுநாள் வெயில் எட்டிப்பார்த்தது. கோமதிநாயகம் காருக்குள் இருந்த விரிப்பு, மெத்தை எல்லாவற்றையும் எடுத்து உலர்த்தினார். பிறகு கூரையின் உள்துணியிலும் தூண்களிலும் திருநீற்றைத் தட்டித் தட்டிப் பூசினார். விருத்தகிரி மாடியிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"என்ன ஓய், காருக்குக் காய்ச்சலா? வேப்பிலையும் அடிப்பதுதானே?"

"அடிக்கலாம். பேய் யார் மேல் இருக்கிறது என்று முதலில் தெரியட்டும்."

கோமதிநாயகம் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மரியதாசு குடத்தால் ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் ஊற்றினார். முன்கண்ணாடியில் ஊற்றினார், திருநீறு கலையவில்லை. கதவுகளில் ஊற்றினார், கலையவில்லை. கூரைப் பலகையின் விளிம்பில் ஊற்றியதும், பின்மூலையில் திருநீறு கரைந்து ஒரு கோடு கிளம்பியது. தூண் வழியே இறங்கி, ராஜாவின் இருக்கைக்குப் பின்னால் நுழைந்து மறைந்தது.

"ஐயோ, இவ்வளவு தூரம் நடந்தா வருது!" என்றார் மரியதாசு.

பலகையைத் திறந்து பார்த்தார்கள். சுற்றிலும் ஒரு வாய்க்கால். அதில் விழும் மழைநீர் மூலைக் குழாய்களில் இறங்கித் தரைக்குப் போக வேண்டும். குழாய் வாயை ஏதோ கறுப்பாக அடைத்திருந்தது. கோமதிநாயகம் ஒரு தென்னை ஈர்க்கை விட்டு மெல்லத் துழாவினார். வெளியே வந்ததை முகர்ந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"மரியதாசு, குழாய் நாலையும் சுத்தம் பண்ணு. யாரிடமும் மூச்சு விடாதே."

இரண்டு நாள் கழித்து வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கோமதிநாயகம் அந்தக் கறுப்புச் சகதியை ஒரு வெள்ளித் தட்டில் ஏந்தி ராஜாவின் முன்னால் நீட்டினார்.

"சீ! என்ன ஓய் இது?"

"அழுகிய ரோஜா, மகாராஜா. கொஞ்சம் சம்பங்கியும் உண்டு. தாங்கள் பவனி போகும்போதெல்லாம் கோட்டை வாசல் மேலிருந்து கூடை கூடையாகப் பூக்கொட்ட ஏற்பாடு செய்தவர் மானேஜர். அந்தப் பூதான் குழாயை அடைத்தது."

விருத்தகிரியின் முகம் வெளுத்தது. "நான் மட்டுமா? கூரை திறந்திருந்ததால்தானே பூ உள்ளே விழுந்தது!"

"நியாயம்தான்" என்றார் கோமதிநாயகம். "கூரையைத் திறந்து நின்றவர் ஒருவர் உண்டு. பெரிய ராஜா இல்லை. அவர் ஜன்னலையே திறக்கமாட்டார்."

மரியதாசு கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜா மெல்ல எழுந்தார். "ஆணை ஆணைதான். வாரும், மானேஜர்."

இருவரும் மழையில் நின்ற காரில், அந்தப் பின்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். கோமதிநாயகமும் மரியதாசும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். கூரை மேல் மழை மத்தளம் கொட்டியது. வெகுநேரம் கழித்து ராஜா இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

"ஓய், காய்ந்தல்லவா கிடக்கிறது!"

"ஆமாம், மகாராஜா. அடைப்பை எடுத்தாயிற்றே."

"அப்படியானால் இறங்கலாமா?"

"நனையும்வரை இறங்கக் கூடாது என்பது ஆணை."

"இனி நனையவே மாட்டோமே! எப்போதுதான் இறங்குவது?" என்று அலறினார் விருத்தகிரி.

"அதுதான் எனக்கும் விளங்கவில்லை. சாப்பாட்டை இங்கேயே கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ராஜா அவரை முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எட்டிக் கூரைப் பலகையைப் பின்னால் தள்ளினார். மழை மொத்தமும் விருத்தகிரியின் தலைப்பாகையில் இறங்கியது. ராஜா எழுந்து நின்று, மழைக்கு முகத்தைக் காட்டினார்.

"மரியதாசு, ஊரை ஒரு சுற்றுச் சுற்று! உன் கை ஓயும்வரை இந்த வண்டி உன்னுடையது."

இறங்கும்போது தம் பட்டுச் சால்வையைக் கழற்றிக் கோமதிநாயகத்துக்குப் போர்த்தினார். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அந்தக் கார் இன்னும் அரண்மனைக் கொட்டகையில் நிற்கிறது. என்ஜின் ஓடாது. மழை பெய்தால் கொட்டகை ஒழுகும். காருக்குள் ஒழுகாது.