சலேத்து கொடுத்துவிட்ட மூணு கல்லு

ஒரு ஊர்ல சலேத்துன்னு ஒரு பொண்ணு இருந்தா. கடலைப் பாத்த ஊரு, வாசல்ல இறங்கி பத்து எட்டு வெச்சா அலை. அப்பா அம்மா கெடையாது. கயித்தான்னு ஒரே ஒரு அண்ணன். அவன் வள்ளத்துல மீன் புடிக்கப் போவான், இவ வீட்டைப் பாத்துக்குவா. ரெண்டு பேருக்கும் பாசம்னா பாசம், ஆனா ரோஷம் மூக்கு நுனியில உக்காந்திருக்கும். உன்னையும் உன் அண்ணனையும் மாதிரின்னு வெச்சுக்கோயேன். எங்க, ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். பெரிய விஷயத்தை யாரும் வாயால சொல்ல மாட்டாங்க, கண்ணாடிக்கல்லு கொடுத்து விடுவாங்க. கண்ணாடிக்கல்லுன்னா என்ன? யாரோ எங்கயோ போட்ட பாட்டில் ஒடஞ்சு கடலுக்குள்ள போயிடும். கடல் சும்மா விடுமா? சளக் சளக்னு புரட்டிப் புரட்டி, முனையெல்லாம் மழுக்கி, சப்பிப் போட்ட கல்கண்டு மாதிரி ஆக்கி ஒரு நாள் கரையில தள்ளும். அதான்.

பச்சைக்கல்லுன்னா 'நல்லபடியா வந்து சேரு'. கடலுக்குப் போறவங்களோட கஞ்சித்தூக்குல அடியில ஒண்ணு கெடக்கும். கஞ்சி தீந்ததும் விரல்ல தட்டுப்படும், வீட்டுல ஒருத்தர் காத்துட்டு இருக்காங்கன்னு மனசு நெறஞ்சுடும். வெள்ளைன்னா 'என் கோபம் போச்சு'. நீலம்னா 'உன் நெனப்பாவே இருக்கேன்', அது லேசுல கெடைக்காது. பழுப்புன்னா 'தப்பு என் மேல'. அது மட்டும் கரை பூரா கெடக்கும், கால் வெக்கிற எடமெல்லாம் அதுதான். தப்பு பண்ணாத ஆளு யாரு இருக்கா, அதனால இருக்கும். கறுப்பை மட்டும் யாரும் குனிஞ்சு எடுக்க மாட்டாங்க. கறுப்புன்னா 'உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல'.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். கல்லைக் கடல்தான் கொடுக்கணும். முனை கூரா இருந்தா அது இன்னும் பழுக்கலைன்னு அர்த்தம், திருப்பிக் கடல்லயே போட்டுடணும். இதுல மட்டும் ஊரே ரொம்பக் கண்டிப்பு.

அப்போ ஒரு நாள் சலேத்து நல்லாத் தூங்கிட்டா. எந்திரிச்சுப் பாத்தா அண்ணன் வள்ளத்தைத் தள்ளிக்கிட்டு இருக்கான், இவ கையில ஒரு பச்சைக்கல்லு கூட இல்ல. என்ன பண்ணினா தெரியுமா? ஒரு சோடா பாட்டிலை எடுத்து டமார்னு ஒடச்சா. ஒரு துண்டை அம்மியில வெச்சு கரக் கரக்னு தேச்சா. கடலுக்கு நூறு வருஷம், எனக்கு நூறு தேய்ன்னு நெனச்சுக்கிட்டா. கஞ்சிக்குள்ள பொளக்னு போட்டுக் கொடுத்துட்டா.

நடுக்கடல்ல கயித்தான் ஆசையா விரலை விட்டான். சரக். கஞ்சி பூரா ரத்தம். அன்னைக்கு வலை இழுக்க முடியல, வெறும் வள்ளமா திரும்பி வந்தான். அம்மியில தேச்ச கல்லையா எனக்குக் கொடுத்து விட்டே நீன்னு கத்தினான். அப்போ இவ ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. பாத்து எடுக்கத் தெரியாதவனுக்கு நான் என்ன பண்ணட்டும், புடிக்கலைன்னா போன்னுட்டா. அவனும் போயிட்டான். வளைகுடாவுக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல போய் இருந்துக்கிட்டான். ஒரு மழைக்காலம் போச்சு, ரெண்டு மழைக்காலம் போச்சு.

தூங்கிட்டியா? ம் கொட்டுற, அப்போ தூங்கல.

அப்புறம் சலேத்துக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. அவளுக்குப் புடிச்ச மாப்பிள்ளைதான், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா அப்பா இல்லாத பொண்ணை அண்ணன்தான் கை புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகணும். சித்தப்பா மொறையில ஒருத்தர் நான் வரேம்மான்னார். சலேத்து வேணாம்னுட்டா. எங்க அண்ணன் வருவான், அவன் வந்தாத்தான் உள்ள காலெடுத்து வெப்பேன்னா.

அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் கருவாடு விக்கிற ரெபேக்காம்மாதான் போக வர இருந்தா. அவ கையில மொதல்ல ஒரு வெள்ளைக்கல்லு கொடுத்து விட்டா. மறுநாளே திரும்பி வந்துடுச்சு. யார் கோபம் போச்சாம், அவ கோபமான்னு கேட்டானாம்.

சரி, நீலம் அனுப்புவோம்னு தேடினா. மூணு நாள். வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடஞ்சு போச்சு. நகத்தளவு ஒண்ணு கெடச்சுது. கொடுத்து விட்டா. அதுவும் திரும்பி வந்துடுச்சு. 

அப்போ சலேத்து கரையில உக்காந்துட்டா. உக்காந்த எடத்துல பாத்தா, கால் கட்டை விரலுக்குக் கீழ பழுப்புக்கல்லு. சுத்தி நூறு கெடக்கு. தேடவே வேணாம். ஆனா அதை எடுக்கத்தான் அவளுக்குப் பொழுது சாயுற வரைக்கும் ஆச்சு. மனசு அவ்வளவு கனத்துப் போச்சு. எடுத்தா. பாவாடையில தொடச்சு ரெபேக்காம்மாகிட்ட கொடுத்தா.

ம்? அப்புறம் என்ன ஆச்சுன்னா, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில ரெபேக்காம்மா வந்தா, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. கூடைக்குள்ள கையை விட்டு எடுத்துக் கொடுத்தா. கறுப்பு. அட்டைக்கறுப்பு. பாத்தவங்க எல்லாரும் போச்சு போச்சுன்னாங்க. சித்தப்பாவையே கூப்பிட்டுக்கோ பொண்ணேன்னாங்க.

சலேத்து கேட்டா, "நான் கொடுத்த பழுப்பு எங்க?"

அதை அவனே வெச்சுக்கிட்டான்னா ரெபேக்காம்மா. மடியில முடிஞ்சு வெச்சிருக்கான்னா.

அவ்வளவுதான், சலேத்து நிமிந்துட்டா. கறுப்புக்கல்லைத் தூக்கி சூரியனுக்கு நேராப் புடிச்சா. அம்மாடி, உள்ள பச்சை. வாழைக்குருத்துப் பச்சை. அந்த ஊர்ல அதுவரைக்கும் ஒரு ஆளும் கறுப்புக்கல்லைத் தூக்கிப் புடிச்சுப் பாத்ததே இல்ல, தொட்டாத்தானே பாக்க. பச்சைதான் கொடுத்து விட்டிருக்கான், எங்க அண்ணன் வர்றான்னு வீடு வீடாப் போய்ச் சொன்னா. அவனுக்குன்னு வேட்டி எடுத்து வெச்சா. ரெபேக்காம்மா காலிக்கூடையைத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட ஊருக்கே திரும்பி நடந்தா.

விடிஞ்சுது. ணங்னு ஒரு மணி அடிச்சுது. கோயில் வாசல்ல சலேத்து நிக்கிறா, அண்ணன் இல்ல. ணங்னு ரெண்டாம் மணி. சாமியார் எட்டிப் பாத்தார். சித்தப்பா கிட்ட வந்து கையை நீட்டினார். இவ ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா. வருவான்னா. ணங்.

மூணாம் மணி ஓயுறதுக்குள்ள சரக் சரக்னு மணல்ல ஓடி வர்ற சத்தம். கயித்தான். முட்டி வரைக்கும் ஈரம், மூச்சு வாங்குது. கையைத் தொறந்தான், உள்ள அந்தப் பழுப்புக்கல்லு. விரல்ல பழைய தழும்பு. அவ காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னான்: "நான் கறுப்புன்னு நெனச்சுத்தான் கொடுத்து விட்டேன். நீ பச்சைன்னு ஊரெல்லாம் சொன்னியாமே. அப்புறம் நான் எப்படி வராம இருக்கிறது."

"தெரியும்ணே"ன்னா சலேத்து. "நேரமாச்சு, நட."

கையைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் உள்ள போனாங்க. அன்னையில இருந்து அந்த ஊர்ல கறுப்புக்கல்லு வந்தா யாரும் அழ மாட்டாங்க, மொதல்ல வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாப்பாங்க.

கதை கரை ஏறிடுச்சு, கண்ணை மூடு. போர்வையை இப்படி முழுசா இழுத்துக்காத, அந்தப் பக்கம் உன் அண்ணன் படுத்திருக்கான் பாரு, அவனுக்கும் கொஞ்சம் விடு.