நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை

டாக்டர் பொற்கொடியின் கிளினிக்கில் ஒரு சீடர் இருந்தார். பெயர் ரத்தினசபாபதி. பெரியாஸ்பத்திரியில் டாக்டராக எலும்பு ஒட்டவைத்தே ஓய்வு பெற்றவர். அதன் பிறகுதான் காய்ச்சல், தலைவலிக்கும் வைத்தியம் கற்க ஆசைப்பட்டு வந்தார். குருவை விட அவருக்கு வயது அதிகம்.

ஒரு நாள் காலை குருவின் அறைக்குள் சலிப்போடு நுழைந்தார்.

"அந்த ஜெபமணியம்மா மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்காங்க, மேடம். நானும் எழுதி எழுதிப் பார்த்துட்டேன். ஒரு வியாதி அடங்கினா இன்னொண்ணைக் கூட்டிட்டு வர்றாங்க. இப்போ கை நடுங்குதாம். என்ன மாத்திரை எழுத?"

குரு எழுந்து சீடரின் அறைக்குப் போனார்.

ஜெபமணியம்மா இடியாப்பம் விற்றுப் பிழைப்பவர். குருவைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இடியாப்ப உரலைப் பிடிக்க முடியல, டாக்டரம்மா. கொதிக்கிற தண்ணி கால்ல கொட்டப் பார்த்துச்சு. மகன் அடுப்பைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டான். ஞாயித்துக்கிழமை என்னை மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போறானாம். அங்க போய் நான் சுவரைப் பாத்துட்டு இருக்கணுமா?"

குரு அவருடைய பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துச் சீடரிடம் கொடுத்தார்.

"அவங்க உடம்புக்குக் கொடுத்ததை அவங்க மடியில வைங்க. உங்க மாத்திரை இழுத்துவிட்ட கோளாறுக்குக் கொடுத்ததை உங்க மேசையில வைங்க."

சீடர் ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஜெபமணியம்மாவின் மடியில் வைத்தார்.

"அடுத்தது?"

"கால் வீக்கத்துக்கு. நீர் பிரியறதுக்கு."

"கால் ஏன் வீங்குச்சு?"

சீடர் யோசித்தார். "கொதிப்பு மாத்திரையால இருக்கலாம்."

"மேசை."

"இது, அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதுன்னு சொன்னாங்க..."

"நீர் பிரிய நீங்கதானே கொடுத்தீங்க?"

அதுவும் மேசைக்குப் போனது.

"இது தலைசுத்தலுக்கு. ஒண்ணுக்கை அடக்கற மாத்திரையால வந்திருக்கும்." இந்த முறை அவரே மேசையில் வைத்தார். "தலைசுத்தல் மாத்திரைக்குக் கை நடுங்கும், மேடம்" என்றார்.

"தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேனாவைத் திறந்து வச்சிருக்கீங்க?"

ஜெபமணியம்மா தன் மடியைப் பார்த்தார்.

"அப்போ எனக்கு வியாதியே ஒண்ணுதானா? நான் என்னமோ பாவம் செஞ்சுட்டேன்னு தினம் முழங்கால்ல நின்னு அழுதுட்டு இருந்தேனே."

"நீங்க ஒண்ணும் செய்யல. மேசையில இருக்கிறதை ஒவ்வொண்ணா நிறுத்துவோம். கொதிப்புக்கு வேற மாத்திரை தர்றேன். நடுக்கம் நிக்கக் கொஞ்ச வாரம் ஆகும்."

"அதுக்குள்ள மகன் கூட்டிட்டுப் போயிருவானே. வாடிக்கையும் போயிரும்."

சீடருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அதுவரைக்கும் மட்டும், நடுக்கத்துக்குச் சின்னதா ஒரு மாத்திரை எழுதட்டுமா, மேடம்?"

குரு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேனாவை மூடுங்க. மகன்கிட்ட நான் பேசுறேன். நடுக்கம் நிக்கிற வரைக்கும் தினம் காலையில நீங்க போய் இடியாப்பம் பிழிஞ்சு கொடுங்க."

"நானா? எனக்கு அது தெரியாதே, மேடம்."

"ஜெபமணியம்மா சொல்லித் தருவாங்க. இந்தத் தடவையாவது கேளுங்க."