உம் கொட்ட ஆளில்லாத அங்காயி

ஒரு ஊருக்குக் கிழக்கே ஆத்து நடுவுல ஒரு மணல் திட்டு, அந்தத் திட்டுல அங்காயின்னு ஒருத்தி ஒத்தையா இருந்தா. உம் கொட்டுங்க, கண்ணுகளா. உம் சத்தம் நின்னா எனக்கு என்னமோ பண்ணும்.

அவ அப்பன் மணல்ல எழுதி எழுதி எழுத்துச் சொல்லிக் கொடுத்துட்டுச் செத்துப் போனான். அப்புறம் ஒரு கிழட்டு எருமைதான் அவளுக்குத் துணை.

அந்த ஊர் அரண்மனையில ஓலைச்சுவடி நிறைய இருந்துச்சு. செல்லரிச்ச ஏட்டைப் பார்த்துப் புதுசா எழுதி வச்சுட்டு, பழசை ஆடிப் பதினெட்டுல ஆத்தோட விடணும். அதுதான் முறை. மந்திரி வித்தகராயர் என்ன செஞ்சார்? எழுதாமலே வண்டி வண்டியாக் கொண்டுபோய்க் கொட்டிட்டார். "ராசாவைப் புகழ்ற ஏடு ஒண்ணு போதும், மத்ததெல்லாம் எதுக்கு?"ன்னார். தன்னை விட யாருக்கும் ஒண்ணும் தெரியக் கூடாதுங்கிற எண்ணம், வேறென்ன.

ஏடெல்லாம் மிதந்து மிதந்து மணல் திட்டுல ஒதுங்குச்சு. அங்காயி பொறுக்கிக் காயவச்சுப் படிச்சா. தாலாட்டுப் படிச்சா, மாட்டு வைத்தியம் படிச்சா, மூலிகை படிச்சா. படிச்சதை எருமைகிட்டச் சொல்லுவா. எருமை அசைபோடும், உம் கொட்டாது. இவ்வளவு தெரிஞ்சும் சொல்ல ஆளில்லாம இருக்கிறது இருக்கே, அது பசியை விடப் பொல்லாதது.

அப்புறம் ஐப்பசி மழை கொட்டுச்சு, ஊர் ஏரி தளும்பிடுச்சு. மதகைத் திறந்தாத்தான் கரை நிக்கும். அந்த மதகு சேத்துல புதைஞ்சு, எங்கே இருக்குன்னே யாருக்கும் தெரியலை.

மந்திரி சொன்னார், "ராசா காலடி பட்டா வெள்ளம் வடியும்னு ஏட்டுல இருக்கு!"

ராசா தண்ணிக்குள்ள இறங்கி நின்னார். கணுக்காலுக்கு ஏறுச்சு, முழங்காலுக்கு ஏறுச்சு, இடுப்புக்கு ஏறுச்சு.

"வடியலையே, மந்திரி?"

"இன்னும் நல்லா அழுத்தி ஊனுங்க, மகாராசா!"

கரை கசிய ஆரம்பிச்சிடுச்சு. மதகைக் காணோம்னு அடிச்ச தமுக்குச் சத்தம் கேட்டு அங்காயி எருமை மேல ஏறி நீந்தி வந்தா.

"மதகு இருக்கிற இடம் எனக்குத் தெரியும், சாமி."

மந்திரி சிரிச்சார். "எருமைக்காரிக்கா?"

"தாலாட்டு ஏட்டுல, மதகுகிட்ட ரெட்டை மருதமரம்னு பாடியிருக்கு. மாட்டு வைத்திய ஏட்டுல, மருதத்துக்கு வடக்கே ஏழடியில கன்னு மதகுல சிக்குன கதை இருக்கு. மூலிகை ஏட்டுல, மதகுக் கல்லுல மட்டும் படர்ற கொடி எதுன்னு இருக்கு. மூணும் சேருற இடத்துல தோண்டுங்க."

தோண்டினாங்க. கல்லு தட்டுப்பட்டுச்சு. பலகையைத் தூக்கினதும் தண்ணி திமுதிமுன்னு வாய்க்கால்ல பாஞ்சுச்சு. ஊர் பிழைச்சுச்சு.

ராசா கேட்டார், "உனக்கு ஏது தாயி இவ்வளவு ஏடு?"

"உங்க அரண்மனை ஏடுதான், சாமி. ஆத்துல வந்துச்சு."

ராசா மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். மந்திரி எருமையைப் பார்த்தார்.

"இனி நீதான் மந்திரி, தாயி. வேற என்ன வேணும், கேளு."

அங்காயி எருமை முதுகைத் தடவிக்கிட்டே சொன்னா, "உம் கொட்ட ஒரு ஆள் வேணும், சாமி."

அதுதான் வித்தகராயருக்குத் தண்டனை. அவ படிக்கப் படிக்க அவர் எழுதணும், உம்மும் கொட்டணும். நூறு ஏட்டுக்குக் கொட்டினார், ஐந்நூறு ஏட்டுக்குக் கொட்டினார், ஆயிரம் ஏட்டுக்குக் கொட்டினார், ஏடு தீரலை.

ஒத்தை ஏட்டைப் படிச்சவன் ராசாவை இடுப்பளவு தண்ணியில நிறுத்தினான். நீங்க எல்லாத்தையும் படிங்க.

ஏரிக்கு மதகு கிடைச்சுது, அங்காயிக்கு உம் கிடைச்சுது, எனக்கு... என்ன, சத்தத்தையே காணோம்?

சரி, தூங்குங்க.