விளாம்பழத்துக்கு ஓடு வந்தது

மரமும் மிருகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், விளாம்பழத்துக்கு ஓடு கிடையாது. இலந்தைப் பழத்தைப் போல மெல்லிய தோல்தான். நகத்தால் கீறினாலே வாசம் கிளம்பும். ஆனால் பழத்தை யாரும் பறித்துவிட முடியாது. கனிந்ததா இல்லையா என்று மரமே பார்த்துக் காம்பை விடும். அதுவரை யார் பிடித்து இழுத்தாலும் வராது.

செம்மண் மேடு ஒன்றில் உலகி என்பவள் தன் கணவன் கருமலையானோடு குடியிருந்தாள். கல்யாணம் முடித்து வந்த புதிதில், தின்று துப்பிய விளா விதை ஒன்றைக் குடிசைக்குப் பின்னால் ஊன்றி வைத்தாள். விளா மெதுவாக வளர்கிற மரம். அது முளைத்து, ஆடு கடித்து, மறுபடி துளிர்த்து, ஆள் உயரம் வருவதற்குள் பல கோடைகள் போயின. அதுவரைக்கும் உலகிக்குப் பிள்ளை இல்லை. பானை கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் அதன் தூரில் ஊற்றுவாள். மரம் அவளை அம்மா என்றே கூப்பிட்டது. அது முதல்முதலாகக் காய்த்த வருஷத்தில்தான் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தும்பை என்று பெயர் வைத்தார்கள்.

தும்பை அந்த மர நிழலில்தான் தவழ்ந்தாள். வௌவாலும் அணிலும் முறை சொல்லிக் கேட்டுப் பழம் வாங்கிக்கொண்டு போகும். காட்டு யானை ஒன்று வருஷம் தவறாமல் வந்து, குழந்தைக்குப் போக மிச்சம் இருந்தால் கொடு என்று கேட்கும். மரம் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் தாங்கினார்கள். அடுத்த வருஷமும் வானம் வெளுத்தே கிடந்தது. கோரைக் கிழங்கு தீர்ந்தது. வறுத்த புளியங்கொட்டையும் தீர்ந்தது. பக்கத்தில் இருந்த குடிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கடைசியில் யானையும் வந்து, மலைப்பக்கம் போகிறேன் என்று மரத்திடம் சொல்லிக்கொண்டு போனது. நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் போகிறார்கள் என்று மரம் உலகியிடம் சொன்னது. உலகியும் போயிருப்பாள். ஆனால் தும்பைக்குக் காய்ச்சல் கண்டு எழுந்த உடம்பு. வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தால் வழியிலேயே போய்விடுவாளோ என்று பயந்தாள்.

கருமலையான் தினமும் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு வறண்ட ஆற்றுக்குப் போவான். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிறவரை காத்திருந்து, பொழுது சாய்கிற நேரத்தில் திரும்புவான். அவன் வருகிறவரை வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் இருக்காது.

அப்படி ஒரு நாள் வெயில் தாழ்கிற நேரத்தில் தும்பை மரத்தடியில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கள் பச்சையாகத் தொங்கின. அவள் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் உலகி எழுந்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு காய் விடு,” என்றாள்.

“இன்னும் பழுக்கலம்மா. துவர்ப்பு. தொண்டையக் கட்டிடும்.”

“பழுக்கிற வரைக்கும் இவ இருக்க மாட்டா.”

மரம் கிளையைத் தாழ்த்திக் குழந்தையைப் பார்த்தது. பிறகு, “தண்ணி வச்சிருக்கியா?” என்று கேட்டது. “வாய்க்கு ஒரு மடக்கு தண்ணி குடுத்துக்கிட்டே தின்ன வைக்கணும். இல்லேன்னா இறங்காது.”

குடிசையில் பானை கவிழ்ந்து கிடந்தது. அவர் இப்போது வந்துவிடுவார் என்று உலகி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“இருக்கு,” என்றாள்.

மரம் காம்பை விட்டது.

காயின் தோலைக் கீறிப் பிளந்தாள். உள்ளே வெளிறிப் போய்ப் பிசுபிசுப்பாக இருந்தது. கொஞ்சமாகத்தான் எடுத்து ஊட்ட நினைத்தாள். தும்பை அவள் கையைப் பிடித்து இழுத்து, கிடைத்ததை எல்லாம் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எச்சில்கூட இல்லாத வாய். விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. உலகி விரலை விட்டுத் தோண்டினாள், முதுகில் தட்டினாள். குழந்தையின் கண்கள் அவளையே பார்த்தன. தண்ணீர், தண்ணீர் என்று மரம் கத்தியது. உலகி குழந்தையை மரத்தோடு சாய்த்து வைத்துவிட்டு ஆற்றை நோக்கி ஓடினாள்.

பாதி வழியில் கருமலையான் குடத்தோடு எதிரே வந்தான். இருவரும் திரும்பி ஓடி வந்தார்கள். வருகிறபோதே உலகிக்குத் தெரிந்துவிட்டது. மரத்தில் ஓர் இலைகூட இல்லை. அத்தனை இலையையும் உதிர்த்து அது குழந்தையை மூடியிருந்தது.

கருமலையான் குடத்தை அங்கேயே போட்டான். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மரம் தடுக்கவில்லை. உலகிதான் குறுக்கே வந்து நின்றாள்.

“அத வெட்டாதீங்க. கேட்டவ நான். தண்ணி இருக்குன்னு பொய் சொன்னவளும் நான்.”

மரம் அப்போது மெல்லச் சொன்னது. “பானை காஞ்சு கிடக்கிறது எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் குடுத்தேன். நீ கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியல.”

கருமலையானின் கையிலிருந்து கோடாலி தானாக நழுவியது. அவன் குழந்தையின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

“நாளைக்கு வேற ஒரு தாய் வந்து கேட்டாலும் குடுத்துடுவேன்,” என்றது மரம். “என் மனசு மேல எனக்கே நம்பிக்கையில்ல. நானே நெனச்சாலும் தெறக்க முடியாத மாதிரி பழத்த அடைச்சு வைக்கப் போறேன். கேட்டா பதில் சொல்லத் தோணும். அதனால இனிப் பேசவும் மாட்டேன்.”

தும்பையை அந்த மரத்தடியிலேயே புதைத்தார்கள்.

அடுத்த வருஷம் மழை வந்தது. விளா துளிர்த்தது. துளிர்த்த கிளையில் இதற்கு முன் இல்லாத முட்கள் இருந்தன. பிஞ்சு விட்டபோது, மெல்லிய தோல் இருந்த இடத்தில் சொரசொரப்பாக ஏதோ படர்ந்தது. காய் பருக்கப் பருக்க அதுவும் இறுகி, கடைசியில் மரத்தின் கட்டையைப் போலவே ஆகிவிட்டது. அணில் கடித்துப் பார்த்துப் பல் வலித்துப் போயிற்று. உலகி தினமும் வந்து தூரில் தண்ணீர் ஊற்றினாள். ஏதாவது சொல்லு என்று கேட்டாள். மரம் வாய் திறக்கவே இல்லை.

காய்கள் முற்றி ஒவ்வொன்றாகத் தாமாக விழுந்தன. ஒரு நாள் அவள் ஒன்றை எடுத்து, தட்டி உடைக்கப் போனவள், அப்படியே நிறுத்திவிட்டாள். பழுத்ததா, காயா? சொல்வதற்கு மரத்துக்கு இப்போது வாய் இல்லை. என்ன நினைத்தாளோ, அதைக் காதோடு சேர்த்து வைத்து மெல்ல ஆட்டினாள். உள்ளே பழம் ஓட்டை விட்டுக் கழன்று, பழுத்தாச்சு என்று சொல்வதுபோல லொடலொடவென்று அசைந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அதை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதை அவள் உடைக்கவில்லை.

விளா ஓடு போட்டுக்கொண்டதும் வாயை மூடிக்கொண்டதும் அப்போதிருந்துதான். நாமும் அப்போதிருந்துதான் விளாம்பழம் கையில் கிடைத்தால், பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுக்கும் முன், காதோரம் வைத்து ஒரு முறை ஆட்டிப் பார்க்கிறோம்.