கருமுத்து காலி செய்த ஆறு குடம்

குறும்பொறைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே மூலிகை மருத்துவம் படிக்க வந்து சேர்ந்தது கருமுத்து என்னும் கரடி. கரடிக் கூட்டத்தில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள் அதுதான். அந்தப் பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

அதன் அம்மா பாறை பாறையாக ஏறி, தேனீக்களிடம் கொட்டு வாங்கி, ஆறு குடம் தேன் சேர்த்துக் கொடுத்திருந்தது.

“மூணு குடம் கட்டணத்துக்கு. மழை தொடங்கினதும் கட்டிடு. மிச்சம் மூணும் உன் சாப்பாட்டுக்கு. பங்குனி வரைக்கும் வரணும்டா!” என்று சொல்லி அனுப்பியது.

விடுதிக் குகையில் கருமுத்துவோடு ஒரு முள்ளம்பன்றியும் தங்கியது. அது வந்த அன்றே தன் கிழங்குகளில் கட்டணத்துக்கானதை எடுத்துப்போய், அலுவலகத்தில் இருந்த யானையிடம் கட்டிவிட்டது. மிச்சத்தை வாரத்துக்கு ஒரு குவியலாகப் பிரித்து வைத்தது.

“அடேயப்பா! இந்தக் கஞ்சனோடவா நான் குடியிருக்கணும்?” என்று சிரித்தது கருமுத்து.

“மழைக்காலத்துல கிழங்கு தோண்ட எனக்கு நேரம் இருக்காது. படிக்கணும்” என்றது முள்ளம்பன்றி.

சில நாளில் குரங்குகள் கருமுத்துவைத் தேடி வந்தன.

“மச்சி, இந்தக் கல்லூரிக்கே நீதான் ராஜா! ராஜா விருந்து வைக்காம இருக்கலாமா?”

ராஜா ஒரு குடத்தைத் திறந்தது. குரங்குகள் வழித்து நக்கிவிட்டுக் கைதட்டின. மறுநாள் இன்னொரு குடம். அடுத்த வாரம் இரண்டு. தேனைவிடக் கைதட்டல்தான் அந்த முட்டாளுக்கு இனித்தது.

பிறகு நரி வந்தது.

“இந்த மயில்தோகைத் தொப்பி உங்களுக்காகவே செய்தது ஐயா! இரண்டே குடம்தான்.”

“அது கட்டணத் தேனாச்சே...”

“மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே!”

கருமுத்து வாங்கிவிட்டது. தொப்பி சிறியது, தலை பெரியது. தலையில் ஏறாமல் தொப்பி ஒரு காதில் தொங்கியது. “அழகோ அழகு!” என்றன குரங்குகள். அதையும் அது நம்பியது.

மழை வந்தது. கருமுத்துவிடம் ஒரு சொட்டுத் தேன் இல்லை. குரங்குகளிடம் ஓடியது.

“எனக்குத் தேர்வு இருக்கு மச்சி!” என்றது ஒன்று. மற்றவை கிளைக்குக் கிளை தாவி மறைந்தன.

“காதில் மாட்டிக் கிழித்ததை யார் திரும்ப வாங்குவார்கள்?” என்று நரி விரட்டிவிட்டது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை! அம்மாவுக்குக் காகத்திடம் சேதி சொல்லி அனுப்பியது: “கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். இன்னும் மூன்று குடம் வேண்டும்.”

எட்டாம் நாள் அம்மாவே தேனோடு வந்து நின்றது. கொட்டுப் பட்டு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஈரப் பாறையில் வழுக்கியதில் கால் நொண்டியது. நேராக யானையிடம் போய், “இல்லாதவங்க பிள்ளைங்க படிக்கிற இடத்துல இப்படிக் கட்டணத்தை ஏத்தலாமா ஐயா?” என்று கேட்டது.

யானைக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏற்றவே இல்லையே அம்மா! உங்கள் பிள்ளை இன்னும் எதுவுமே கட்டவில்லையே!”

வாசலில் நின்ற கருமுத்து உள்ளே ஓடி வந்தது. “அம்மா, அது வந்து...”

“பேசாதே! ஒத்தைக் கண்ணால பார்க்கும்போதே உன் லட்சணம் இவ்வளவு தெளிவாத் தெரியுதே!”

மூன்று குடத்தையும் யானையிடமே கட்டிவிட்டு, மகனின் முகத்தைப் பாராமல் அம்மா நொண்டிக்கொண்டே மலையேறிப் போனது.

அன்று முதல் வகுப்பு முடிந்ததும் கருமுத்து விடுதிக் குகைகளைப் பெருக்கி, மற்றவர்கள் தந்த மிச்சம் மீதியைத் தின்று காலம் தள்ளியது. குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து, “அந்த மூலையில குப்பை இருக்கு பார்!” என்று கைகாட்டிச் சிரித்தன.

படிக்க வந்த இடத்தில் பகட்டுக்குச் செலவழிப்பவன், பெற்றவளின் உழைப்போடு தன் மானத்தையும் சேர்த்தே செலவழிக்கிறான்.