ருசி அறையின் இரண்டு நாற்காலிகள்

சவரிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது.

குருவின் பெயர் பிலோமி. கைக்குழந்தைக்காரி. மலையடியில் இருக்கும் அந்த ஊரில் நன்னாரி சர்பத் போடும் கம்பெனிகள் ஏழு. எது எப்படி என்று குடித்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு விருந்தில் சர்பத்தை வாயில் வைத்தவள், "இதுல வேரோட நடு நரம்பை உருவாமப் போட்டிருக்காங்க" என்று சொன்னாள். போட்டவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏழு கம்பெனிக்காரர்களும் சேர்ந்து அவளுக்கு ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்கள். ஊரில் அதை ருசி அறை என்பார்கள்.

அந்த அறைக்கென்று சில முறைகள் இருந்தன. டம்ளரில் கம்பெனி பெயர் இருக்காது, சாக்பீஸால் போட்ட எண் மட்டும் இருக்கும். எலுமிச்சை பிழியக் கூடாது. ஐஸ் கூடாது. ஒரு டம்ளருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கை பொரி, ஒரு வாய் தண்ணீர். குடிப்பவர்கள் இரண்டு பேர் என்றால் முதுகுக்கு முதுகு காட்டி, ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மற்றவர் முகம் தெரிந்தால் அந்த முகமே மார்க் போட்டுவிடும் என்பாள் பிலோமி. முடியும்வரை பேச்சும் கூடாது.

சவரிமுத்து ரயில்வே கேட் கீப்பராக இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். எட்டு மாதம் முன்பு ஒரு காலையில் வந்து வாசலில் நின்றார்.

"நானும் இதைப் படிச்சுக்கிடணும்மா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல உப்பு பார்க்க ஆள் இல்ல."

"புரியலையே."

"வீட்டுக்காரி போயி நாலு வருஷமாச்சு. நானே குழம்பு வைக்கேன். உப்பு சரியா இருக்கான்னு கேக்க ஆள் கிடையாது. சரியா தப்பான்னு தெரியாமலே தின்னுட்டு எந்திரிக்கேன்."

பிலோமி உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள்.

சவரிமுத்து சீக்கிரம் தேறிவிட்டார். இரண்டாவது மாதத்திலேயே குரு ஒன்பது போட்ட டம்ளருக்கு அவரும் ஒன்பது போட்டார். குரு ஐந்து என்றால் அவருடையது ஐந்து, மிஞ்சினால் ஆறு. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாக்குதான் போல. காலையில அந்தம்மா மாட்டிக்கிடுது, சாயங்காலம் இவரு மாட்டிக்கிடுதாரு."

"கழுவிட்டுத்தான மாட்டுதாரு?"

சவரிமுத்துவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு மற்றவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து போய்விடுவார்.

பிலோமியின் கணவன் குவைத்தில் இருந்தான். மாசி மாதத்தில் அவளுக்கும் குழந்தைக்கும் விசா வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணி பஸ்ஸில் கிளம்புவதாக முடிவானது. இனி ருசி அறையில் சவரிமுத்து மட்டும்தான். ஏழு கம்பெனிக்காரர்களும் வந்து அவருக்குச் சால்வை போட்டுவிட்டுப் போனார்கள். யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

"பிலோமியம்மா, உங்களுக்குப் பயமே கிடையாதா?"

அவள் டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் சேலைத் தொட்டில் ஆடாமல் தொங்கியது. கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அங்கே போனாள். தூங்கும் குழந்தையின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"என்னமோ கேட்டீங்களே அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லம்மா."

அப்போது கான்வென்ட் பள்ளியிலிருந்து சிஸ்டர் ஒருவர் வந்தார். பின்னால் ஒரு ஆட்டோ. ஆட்டோவில் ஒரு கேன்.

"நாளைக்கு எங்க ஸ்போர்ட்ஸ் டே. நானூறு பிள்ளைகள். சர்பத் நேத்தே வந்துடுச்சு. வராந்தால வெயில்ல வேற நின்னிருக்கு. கொடுக்கலாமா வேண்டாமான்னு பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க. வேண்டாம்னா மோருக்கு ஏற்பாடு பண்ணணும்."

"அண்ணாச்சி சொல்வாங்க சிஸ்டர்."

"ரெண்டு பேருமா பார்த்துச் சொல்லுங்களேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

சிஸ்டர் போனார். கேனை ஆட்டோக்காரர் இறக்கி மூலையில் வைத்துவிட்டுப் போனார். சவரிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவை ஏழு டம்ளர் பார்ப்போம், வாங்க" என்றாள் பிலோமி.

வழக்கமாகக் கம்பெனி ஆள்தான் ஊற்றி வைப்பார். அன்று அவளே பக்கத்து அறையில் வைத்து அவருக்கு ஏழு, தனக்கு ஏழு என்று ஊற்றி எடுத்து வந்தாள். இருவரும் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.

சவரிமுத்து முதல் டம்ளரை எடுத்தார். குடித்தார். ஆனால் அவர் நாக்கைக் கவனிக்கவில்லை. எட்டு மாதமாகக் காதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். பிலோமி நல்ல சர்பத்தை இரண்டு மடக்கு குடிப்பாள். சுமாரானதை ஒரு மடக்கோடு வைத்துவிடுவாள். மோசமானது என்றால் டம்ளரை வைக்கும் சத்தமே வேறு மாதிரி இருக்கும். பார்வைக்குத்தான் சுவர் இருந்தது. காதுக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது டம்ளரில் முதுகுக்குப் பின்னால் இரண்டு மடக்குக் கேட்டது. சிலேட்டில் ஒன்பது என்று எழுதினார். ஐந்தாவது டம்ளர் டொக்கென்று மேசையில் உட்கார்ந்தது. மூன்று என்று எழுதினார். மற்றதற்கெல்லாம் ஆறு.

முடிந்ததும் பிலோமி அவருடைய சிலேட்டை வாங்கிப் பார்த்தாள். தன்னுடையதைக் காட்டவில்லை.

"என் மூணாவது டம்ளர்ல மிச்சம் இருக்கு. குடிச்சுப் பாருங்க."

எடுத்தார். நிறமே இல்லை. குடித்தார். வெறும் தண்ணீர்.

ஐந்தாவதை எடுத்தார். அதுவும் தண்ணீர்தான். மற்றவற்றை அவர் தொடவில்லை.

"மூணாவதுல ரெண்டு மடக்கு குடிச்சீங்களேம்மா."

"தாகமா இருந்துச்சு."

"என்னோடது?"

"ஏழும் ஒரே பாட்டில், அண்ணாச்சி."

சவரிமுத்து சிலேட்டைத் திரும்ப வாங்கித் துடைக்கப் போனார். பிறகு துடைக்காமல் வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவது மாசமே. எனக்குச் சளி பிடிச்சிருந்த வாரம், நான் தப்பாப் போட்ட மார்க்கை நீங்களும் அப்படியே போட்டிருந்தீங்க."

"அன்னைக்கே விரட்டியிருக்கலாமே."

அவள் தன் டம்ளர்களில் மிச்சமிருந்த தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றினாள்.

"முப்பது வருஷம் கேட்ல இருந்தேன்மா. மணி அடிக்கும், மூடுவேன். மணி அடிக்கும், திறப்பேன். ரயில் வருதான்னு எட்டிப் பார்த்தது கிடையாது. வீட்டுல அவ இருந்தா. 'இன்னைக்குக் குழம்பு நல்லாருக்குல்ல'ம்பா. நல்லாருக்கும்." சிலேட்டைத் தள்ளி வைத்தார். "இங்க வந்து உட்கார்ந்தா முதுகுக்குப் பின்னால இன்னொரு ஆளு அதே சர்பத்தைக் குடிக்கிற சத்தம் கேட்கும். அதுக்குத்தான் வந்தேன். பொய் சொல்லணும்னு வரல."

"தெரியும் அண்ணாச்சி."

"சிஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிட்டுப் போயிருங்க. நானூறு பிள்ளைகள்மா."

பிலோமி எழுந்தாள். கேனைத் திறந்து ஒரு டம்ளர் மட்டும் ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களும் ஒரு மடக்கு, பிலோமியம்மா..."

அவள் தன் நாற்காலியைத் தூக்கினாள். எட்டு மாதமாக அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த நாற்காலி. அதை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வெளியிலிருந்தே கதவைச் சாத்தினாள்.

சவரிமுத்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு மடக்கு குடித்தார். முதலில் வேரின் வாசனை வந்தது. அப்புறம் இனிப்பு. அதற்கப்புறம் வேறு எதுவோ வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது.

காதைத் தீட்டினார். தன் தொண்டையில் சர்பத் இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"பிலோமியம்மா."

பதில் இல்லை.

"இருக்கீங்களாம்மா?"

பொரியை மென்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி ஒரு மடக்கு எடுத்து, விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த அறையில் அப்படி யாருமே இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. நாக்கின் அடியில், ஓரமாக, நூல் போல ஒரு புளிப்பு ஓடியது. போய்விட்டது. அவர் காத்திருந்தார். திரும்ப வந்தது.

விழுங்காமல் துப்பினார்.

சிலேட்டை எடுத்தார். ஏற்கெனவே இருந்ததைத் துடைத்தார். எழுத நேரம் பிடித்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது பிலோமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் பெட்டி கட்டி வைத்திருந்தது. சவரிமுத்து சிலேட்டை அவளிடம் நீட்டினார். இரண்டு என்று போட்டிருந்தார். கீழே, 'பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்று எழுதியிருந்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"சரிதானாம்மா?"

பிலோமி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"நான் குடிக்கலையே, அண்ணாச்சி."