சூளைக்காரர்கள் சமக் கூலி கொடுத்த கதை

மேல்சொக்கலூர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வந்தாலும் என் வீட்டுக்கு வரத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் நிற்பார்கள். பாவம், அவர் நல்ல மனுஷன்.

அந்த ஊரில் ஒரு செங்கல் சூளை. அதற்கு மூன்று முதலாளிகள், மூன்று பேரும் பங்காளிகள். மூத்தவர் மண்ணாங்கட்டி. சிரிக்காதீர்கள், கண்ணு படக் கூடாது என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். நடுவில் எட்டியப்பன். யோசனையெல்லாம் அவருடைய இலாகா. அவர் யோசிக்க ஆரம்பித்தால் மற்ற இருவரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி காத்தவராயன். அவருக்கு அழுகை சுலபமாக வரும்.

முதலாளிகள் என்றாலும் மூன்று பேரும் தினமும் வேலைக்கு வந்துவிடுவார்கள். அதனால் கல்லாவிலிருந்து ஆளுக்கு ஒரு ஆம்பளைக் கூலியும் எடுத்துக்கொள்வார்கள். மண் மிதிப்பது, கல் அறுப்பது, காயவைப்பது, தலையில் சுமந்து அடுக்குவது எல்லாம் பொம்பளைகள். அவர்களுக்குக் கூலி பாதி.

அந்தப் பொம்பளைகளில் பூங்காவனம் கொஞ்சம் வாய் உள்ளவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செங்கல் சுமக்கிறாள், வீட்டுச் சுவரோ வெறும் மண். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்குக் கரைந்து ஓடும், தை மாசம் மறுபடி பூசுவாள். போன மழையில் சுவர் இடிந்து பிள்ளைகள் மேல் விழப் பார்த்தது. இந்த மழைக்குள் செங்கல் சுவர் எழுப்பியே தீருவது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அரைக் கூலியில் அது நடக்கிற காரியமா? தொழிலாளர் ஆய்வாளர் மேடம் ஜீப்பில் வந்து இறங்கியதும் நேரே போய்ச் சொல்லிவிட்டாள்.

மேடம் முதலாளிகளைக் கூப்பிட்டார். “ஏன் பொம்பளைங்களுக்குப் பாதிக் கூலி?”

“எங்க அப்பா காலத்துலேர்ந்தே பாதிதான் மேடம்” என்றார் மண்ணாங்கட்டி. “மீதிப் பாதி எங்க போச்சுன்னு எங்களுக்கும் தெரியல.”

மேடம் ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். “நல்லாக் கேட்டுக்கங்க. ஒரே வேலைக்கு ஒரே கூலி. மழை விட்டதும் திரும்பி வருவேன். யாருக்காவது கூலி குறைச்சலா இருந்துச்சுன்னா சூளைக்குப் பூட்டுதான்.”

ஜீப் போனதும் மூவரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். எட்டியப்பன் யோசித்தார்.

“அண்ணே, மேடம் கூலியைப் பத்தி அப்புறமாத்தான் சொன்னாங்க. மொதல்ல சொன்னது என்னா?”

“ஒரே வேலைன்னாங்க.”

“நாம செய்யறதும் பொம்பளைங்க செய்யறதும் ஒரே வேலையா?”

“அதெப்படி? அவங்க கல்லு சுமக்கறாங்க. நாம எங்க சுமக்கறோம்?”

“ஆங்! மொதல்ல வேலையை ஒண்ணாக்கணும். நாளையிலேர்ந்து நாம என்னென்ன செய்யறமோ அதையேதான் அவங்களும் செய்யணும்.”

மறுநாள் காலையில் பொம்பளைகள் சும்மாட்டோடு வந்தார்கள். மண்ணாங்கட்டி கையைக் காட்டி நிறுத்தினார். “யாரும் கல்லைத் தொடக் கூடாது. சட்டம். வந்து நிழல்ல உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். மூவரும் தாங்கள் தினம் செய்கிற வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் துண்டை உதறித் தோளில் போடுவது. பிறகு சூளையைப் பார்த்து ஒரு இருமல். வானத்தைப் பார்த்து “மழை வருமா?” என்று கேட்பது. வராது என்று பக்கத்து ஆள் சொல்ல வேண்டும். அதன் பிறகு டீ, ஆடுபுலி ஆட்டம், ஆட்டத்தில் சண்டை, சண்டை முடிந்ததும் தூக்கம்.

“கொட்டாவி போதாதும்மா, இன்னும் நல்லாத் தொறக்கணும்” என்று காத்தவராயன் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“இதுக்கா அண்ணே முழுக் கூலி?” என்றாள் பூங்காவனம்.

“லேசா நெனைக்காதே. பழக்கமில்லாதவங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும்.”

சாயங்காலம் வரைக்கும் பொம்பளைகள் சிரித்தே களைத்துப்போனார்கள். முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான்காவது நாள் லாரிக்காரர் வந்தார். ஏற்றுவதற்கு ஒரு கல் கூட இல்லை. ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் மரத்தடியில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“என்னய்யா, வேலை ஒண்ணும் நடக்கலையா?” என்றார் லாரிக்காரர்.

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்றார் மண்ணாங்கட்டி கோபமாக. “இந்தச் சூளையில இத்தினி பேரு ஒண்ணா வேலை செஞ்சு என்னைக்காவது பாத்திருக்கியா?”

லாரி காலியாகவே போனது. கல்லாவும் காலி. காத்தவராயன் கல்லாவுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். எட்டியப்பன் மறுபடி யோசித்தார். “அண்ணே, நம்ம வேலையை அவங்க செஞ்சா சூளை படுத்துக்குது. அவங்க வேலையை நாம செஞ்சு பாப்போம். அதுவும் ஒரே வேலைதானே?”

செய்து பார்த்தார்கள். ஒரு கல்லை மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். பாதி வழியில் அது மண்ணாங்கட்டியின் கால் மேல் விழுந்தது. மூவரும் அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

“புரிஞ்சிடுச்சு!” என்றார் எட்டியப்பன். “கல்லு சுமந்தாலும் மூச்சு வாங்குது. சும்மா இருந்தாலும் நமக்கு மூச்சு வாங்குது. ரெண்டும் ஒரே வேலைதான். நாம இதை வீணா மாத்திக் கெடுத்துட்டோம்.”

ஆக, பூங்காவனமும் மற்றவர்களும் திரும்பக் கல் சுமந்தார்கள். கூலி மட்டும் முழுசு. குறைத்தால் பூட்டு விழுமே!

இனிமேல்தான் விபரீதம். ஒரு நாள் பூங்காவனம் கல்லாவுக்கு எதிரில் வந்து நின்று பணத்தை வைத்தாள். “அண்ணே, கல்லு வேணும்.”

“எந்தக் கல்லு?”

“நம்ம சூளைக் கல்லுதான்.”

“உங்கிட்ட லாரி இல்லையே!” என்றார் மண்ணாங்கட்டி.

“லாரி எதுக்கு? வீட்டுக்குச் சுவர் வைக்கப் போறேன்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கல் லாரியில் ஏற்றுவதற்கு என்றுதான் அவர்கள் இத்தனை காலமாக நம்பியிருந்தார்கள். அதை வைத்து வீடு கட்டலாம் என்பது அவர்கள் பரம்பரைக்கே புதுச் செய்தி. அவர்கள் இருந்ததும் மண்சுவர் வீட்டில்தான்.

அவளைப் பார்த்து மற்றப் பொம்பளைகளும் வந்தார்கள். ஊருக்குக் கொத்தனார் வந்தார். கொத்தனாருக்காக ஒரு டீக்கடை வந்தது. டீக்கடைக்குப் பால் ஊற்ற நாலு வீட்டில் மாடு வாங்கினார்கள். புடவைக்காரர் சைக்கிளில் வந்தவர் மொபெட்டில் வர ஆரம்பித்தார். பொம்பளைக்கு முழுக் கூலி கொடுத்தால் ஊர் குட்டிச்சுவராகிவிடும் என்று பெரிய படிப்புப் படித்தவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே குட்டிச்சுவரெல்லாம் முழுச்சுவராகிக்கொண்டிருந்தது.

முதலாளிகளுக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. மரத்தடியில் கூடினார்கள்.

“அண்ணே, அவ குடுத்த காசு யாரு காசு?” என்றார் எட்டியப்பன்.

“நாம குடுத்த கூலி.”

“அப்போ நம்ம காசு நம்மகிட்டயே வந்திருக்கு. கல்லு மட்டும் போயிடுச்சு.”

“ஐயையோ, மோசம் போயிட்டோமே!” என்று காத்தவராயன் ஆரம்பித்துவிட்டார்.

“விக்காம இருந்தா?” என்றார் மண்ணாங்கட்டி.

“கல்லு நம்மகிட்ட இருக்கும், காசு அவங்ககிட்ட இருக்கும். அதுவும் நஷ்டம். ரெண்டும் நம்மகிட்ட இருக்கணும்னா ஒரே வழிதான். கல்லை நாமளே வாங்கிடணும்.”

அன்றைக்கே வாங்கினார்கள். மூவரும் மடியிலிருந்து காசை எடுத்துக் கல்லாவில் போட்டார்கள். சூளையில் இருந்த கல் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. சாயங்காலம் கல்லாவைத் திறந்து பார்த்தால் கொள்ளை லாபம். மூவரும் பங்கு போட்டு மடியில் கட்டிக்கொண்டார்கள். இப்படி ஒரு வியாபாரம் அப்பா காலத்தில் கூட நடந்ததில்லை என்று மண்ணாங்கட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பூங்காவனம் வந்தபோது கல் இல்லை என்றார்கள். அவளுக்குப் பகீரென்றது. சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பழைய சுவரையும் இடித்தாகிவிட்டது. பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பாள்?

“அதோ அவ்வளவு கல்லு இருக்கேண்ணே!”

“அது வித்துப்போன கல்லும்மா.”

“யாருக்கு வித்தீங்க?”

“எங்களுக்குத்தான்.”

பூங்காவனத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ரெண்டையும் விழுங்கிக்கொண்டாள். அவளுக்குத்தான் இவர்களைத் தெரியுமே! “அப்போ வாங்கினவங்கதானே எடுத்துட்டுப் போகணும்? எப்போ சுமக்கப் போறீங்க?”

மண்ணாங்கட்டி தன் காலைப் பார்த்துக்கொண்டார். அது இன்னும் வீங்கித்தான் இருந்தது.

“வேணும்னா நான் சுமந்துட்டுப் போறேன்” என்றாள் பூங்காவனம்.

“அதுக்கு எவ்வளவு கூலி கேப்ப?” என்றார் எட்டியப்பன் சந்தேகமாக.

“கூலியே வேணாம். கல்லுக்குக் காசும் நானே குடுத்துடறேன்.”

மூவரும் தனியாகப் போய் ஆலோசித்தார்கள். கல்லையும் அவளே சுமக்கிறாள், காசும் அவளே கொடுக்கிறாள்! இப்படி ஒரு ஏமாளியா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் மனசு மாறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து சுமந்தார்கள். கூரை போட்டு முடித்த அன்று மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை! பூங்காவனத்தின் பிள்ளைகள் புதுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வறுகடலை தின்றார்கள். அவள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், சந்தோஷத்தில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. முதலாளிகளின் வீடு கரைந்து தெருவோடு போயிற்று. மூவரும் ஈரத் துண்டோடு அவள் வீட்டுக்குத்தான் வந்து ஒதுங்கினார்கள்.

மழை விட்டதும் சொன்னபடியே மேடம் வந்தார். சூளை வாசலில் மூன்று முதலாளிகளும் துண்டை விரித்துச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். “சமக் கூலி கொடு! சமக் கூலி கொடு!” என்று கோஷம் வேறு.

“பொம்பளைங்களுக்கு முழுக் கூலி குடுக்கலையா நீங்க?” என்றார் மேடம்.

“குடுக்கறோம் மேடம். எங்களுக்குத்தான் அநியாயம் நடக்குது” என்றார் எட்டியப்பன். “பூங்காவனத்துக்கு வீடு இருக்கு, மாடு இருக்கு. எங்களுக்கு ஒண்ணுமில்லை. எங்க கூலியும் அவ கூலியும் ஒண்ணா இருந்தா இப்படி ஆகுமா? பொம்பளைக் கூலிதான் பெருசு. அதையே எங்களுக்கும் குடுக்கணும். அது வரைக்கும் ஸ்டிரைக்கு.”

உள்ளே பொம்பளைகள் பாட்டுக்குக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் பூங்காவனத்தைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

“சரி, யாரை எதிர்த்து ஸ்டிரைக்கு?” என்றார் மேடம். “மொதலாளிங்க நீங்கதானே? நீங்களே பேசித் தீத்துக்க வேண்டியதுதானே?”

இது நியாயமாகப் பட்டது. மூவரும் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே சத்தமான சத்தம். மேஜையைக் குத்துகிற சத்தம், காத்தவராயன் அழுகிற சத்தம். ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்து பழையபடி துண்டு மேல் உட்கார்ந்தார்கள்.

“என்ன ஆச்சு?” என்றார் மேடம்.

“கால்ல விழாத குறையாக் கெஞ்சிப் பாத்துட்டோம் மேடம். மொதலாளிங்க மசிய மாட்டேங்கறாங்க” என்றார் எட்டியப்பன். “அதுலயும் அந்த எட்டியப்பன்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவனெல்லாம் மனுஷனே இல்லை.”